பதினொரு ழகரம்

ஆரம்பாக்கம்
9 பிப்ரவரி 2025

திலகவதிக்கு,

இருபத்தெட்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தாயிற்று. போதும்.

இங்கே நான் இருக்கிறேன். ரத்தக் கொதிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை, மற்றபடி குறையில்லை. ராய்ப்பூரில் நீயும் பார்த்திபனும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் இரண்டு பேரும் கடைசி வரி வரை போயாக வேண்டும்.

நைனா போய் ஆறு மாதம் ஆகிறது. அப்பா என்ற மனிதர் வீட்டில் இருக்கும்வரை கேட்க வேண்டாம் என்று இருந்தேன். இப்போது கேட்கிறேன்.

1997 ஏப்ரல். நான் திருச்சியில் எம்.சி.ஏ. கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டாம் தேதி எழுதிய கடிதம் ஏழாம் தேதி வந்தது. இரண்டு தாள். அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், நவரை நெல் அறுப்புக்கு ஆள் சொல்லியாயிற்று, கறுப்பு மாடு கன்று போட்டது, பரீட்சையை நன்றாக எழுது. அவ்வளவுதான். பதினாறாம் தேதி அம்மா போய்விட்டாள். மறுநாள் நான் வந்து நின்றபோது அத்தனை பேர் முன்னால் நீ கேட்டாய்: "இப்பத்தான் வயி தெரிஞ்சிதா உனுக்கு?"

அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஒரு வரி எழுதாதவள் என்னைக் கேட்டாய். உள்ளே அம்மா கிடந்ததால் நான் பதில் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. உன் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் ஊற்றினேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

தபாலில் ஏதோ தொலைந்துவிட்டது என்று நீ சொல்லிவிட முடியாது. நம் எண்ணிக்கை நினைவிருக்கிறதா? திருவள்ளூரில் நீ விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வார்டன் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பிடிக்காத தாளை எடுத்துவிடுவாள். அதற்காக நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: கடிதத்தில் எத்தனை ழ இருக்கிறது என்று எண்ணி அடியில் எழுது, வாங்குகிறவர் எண்ணிப் பார்க்கட்டும், குறைந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் யார் நாக்கிலும் வராத எழுத்து அது. அதனால் யாருக்கும் தோன்றாது என்று தேர்ந்தெடுத்தேன். அம்மாவை 'பழம்' சொல்லச் சொல்லி நாம் சிரிப்போமே.

அந்தக் கடிதத்தின் அடியில் நீ பதினொன்று என்று போட்டிருந்தாய். அன்றும் எண்ணினேன். நேற்றும் எண்ணினேன். பதினொன்று.

ஒரே கேள்வி. அம்மா என்னைக் கேட்டாளா? கேட்டிருந்தால் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

இப்படிக்கு,
ஆ. துளசிராமன்


ராய்ப்பூர்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பயந்தேன். இவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முழங்கால். நீங்கள் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

நான் எழுதினேன் அண்ணா. மூன்று தாள். நடுத்தாள் முழுக்க அம்மா சொன்னது. அம்மா சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு, பரீட்சை பெரிது என்று வராமல் இருந்துவிட்டீர்கள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் வாசலில் அப்படிக் கேட்டேன்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கை,
திலகவதி


ஆரம்பாக்கம்
8 மார்ச் 2025

திலகவதிக்கு,

கடிதம் கிடைத்தது. பார்த்திபனை நடக்கச் சொல். நடந்துவிட்டு வந்து இனிப்பு சாப்பிடாமல் இருக்கவும் சொல்.

எனக்கு வந்தது இரண்டு தாள். முதல் தாள் முற்றுப்புள்ளியோடு முடிகிறது, அடுத்தது புது வாக்கியத்தோடு தொடங்குகிறது. நடுவில் ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. எண்ணிக்கை சரி. ஒரு தாள் போயிருந்தால் எண்ணிக்கை குறைந்திருக்கும். குறையவில்லை. ஆகவே அப்படி ஒரு தாள் இல்லை. இதில் கோபம் எதுவும் இல்லை, வெறும் தர்க்கம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் பிழைப்பே இதுதான். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் ஆலையில் இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கம்பியைச் சோதனைக்கூடத்தில் அறுபடும்வரை இழுத்து, எவ்வளவு பலம் தாங்கியது என்று சான்றிதழ் எழுதுவார்கள். பன்னிரண்டு வருடச் சான்றிதழ்கள் சர்வரில் இருக்கின்றன. ஒரு பாலம் விரிசல் விட்டால் அவற்றைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அன்று எழுதியது இன்றும் மாறாமல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சர்வரின் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பழசானால் அதில் பதிந்த புள்ளிகள் தாமாகவே மாறும். அதனால் கோப்பைச் சேமிக்கும்போதே அதிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டுப் பக்கத்தில் வைப்பார்கள். பிறகு திரும்பக் கணக்கிட்டால் அதே எண் வர வேண்டும். நாம் ழ எண்ணியது போலத்தான்.

இப்போது புது சர்வர் வருகிறது. எந்த முறையில் அந்த எண்ணைக் கணக்கிடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில். எம்டி5, ஷா-1 இரண்டும் உடைந்தவை: வேண்டுமென்றே உட்கார்ந்தால் இரண்டு வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரும்படி செய்துவிடலாம். ஷா-256 அப்படி உடையவில்லை. கோப்பு எவ்வளவு பெரியதானாலும் அறுபத்து நான்கு இலக்கம். ஒரு புள்ளியைத் தொட்டால் மொத்தமும் மாறிவிடும். நான் அதைக் கேட்கிறேன். மேலாளர் மணிகண்டன் வேகம் வேகம் என்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், எனக்கு வர வேண்டிய நாற்காலி அது. அந்தக் கதை உனக்கு எதற்கு.

அடுத்த கடிதத்தில் உண்மையை எழுது.

இப்படிக்கு,
ஆ. துளசிராமன்


ஆரம்பாக்கம்
20 ஏப்ரல் 2025

திலகவதிக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உனக்கு முழங்கால் வலிதான், கைவலி இல்லை என்று நினைக்கிறேன்.

பதினாறாம் தேதி வந்து போயிற்று. விளக்கேற்றி, அம்மாவுக்குப் பிடித்த கேழ்வரகு அடை தட்டினேன். விளிம்பு கருகிவிட்டது. ஒருத்தனுக்கு நான்கு அடை அதிகம். மிச்சத்தை மறுநாள் ஆலைக்குக் கொண்டுபோனேன்.

நடுத்தாள் இருந்தது என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். இருந்தது என்றால், அதில் என்ன எழுதியிருந்தது?

இப்படிக்கு,
ஆ. துளசிராமன்


ராய்ப்பூர்
11 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே வெயில் நாற்பத்து நான்கு. மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

அம்மா சொன்னதை 'ஒரு பேச்சுக்கு' எழுத எனக்குக் கை வரவில்லை. பொய் என்று முடிவு செய்துவிட்டுப் படிக்கிறவருக்கு அதை எப்படி எழுதுவேன்? அது என்னிடமே இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தைப் பற்றி இன்னொன்று இருக்கிறது. அதையும் இப்போது எழுதவில்லை. மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

திலகவதி


ஆரம்பாக்கம்
15 ஜூன் 2025

திலகாவுக்கு,

நான் நலம் என்று எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆலையில் கூட்டம். மணிகண்டன், நான், கம்பியை இயந்திரத்தில் மாட்டும் லோகு, மூன்றே பேர். இத்தனை வருடம் எங்கள் சர்வரில் இருந்தது ஷாவும் இல்லை, எம்டி5-உம் இல்லை. யாரோ எப்போதோ எழுதிய ஒரு சின்ன நிரல். கோப்பில் உள்ள எழுத்துகளுக்கெல்லாம் உள்ள எண் மதிப்பைக் கூட்டி ஒரு தொகை போடும். அவ்வளவுதான்.

"பன்னெண்டு வருஷமா ஓகேன்னுதான சார் வருது," என்றார் மணிகண்டன். "ஓடுற வண்டிய நிறுத்தி இன்னாத்துக்கு பேஜாரு?"

நான் ஒரு பழைய சான்றிதழைப் பிரதியெடுத்துத் திறந்தேன். அந்தக் கம்பி தாங்கியது 485. குறைந்தது ஐந்நூறு வர வேண்டும், வராததால் தள்ளிவிட்ட கம்பி. அந்த 485-ஐ அழித்து 548 என்று அடித்தேன். அதே மூன்று இலக்கம், இடம்தான் மாற்றம். பழைய நிரலை ஓட்டினேன். 'சரி' என்று வந்தது.

லோகு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். "தோடா. நான் பிச்சிப் போட்ட கம்பிக்கு இது உயிர் குட்த்துட்ச்சி."

மணிகண்டன் கன்னத்தைத் தடவினார். "அப்போ இத்தினி வருஷமா வந்துச்சே ஓகே, அது இன்னா ஓகே?"

"அது எங்க சார் ஓகேன்னு சொல்லிச்சி?" என்றான் லோகு. "எனுக்கு ஒண்ணியும் தெர்லன்னு சொல்லிகினு இருந்துகீது. நாமதான் ஓகேன்னு படிச்சிகினோம்."

மணிகண்டன் சிரித்தார். என்னால் முடியவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதைச் சரி என்று படித்துக்கொண்டவன் அந்த அறையில் இன்னொருவனும் இருந்தான்: உன் பதினொன்றை எண்ணிய நான்.

சாயங்காலம் சூலூர்பேட்டை வண்டியில் திரும்பினேன். எதிரில் வேலை முடித்து வந்த இரண்டு பெண்கள். "மய வர்றாப்ல கீது, மாடில காயற துணி கீய உய்ந்துடும்." "உய்ந்தா எட்த்துக்கலாம், நீ ஒக்காருக்கா." அப்புறம் வாயப்பயம் விலை, யாரோ அயுதது, யாரோ எய்திக் கொடுத்தது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். ஆரம்பாக்கம் வரும்வரை ஒரு ழகூட வரவில்லை.

நடுத்தாளில் அம்மா பேசியதை அப்படியே எழுதினேன் என்று நீ பிப்ரவரியிலேயே எழுதியிருக்கிறாய். அம்மா பேசியது போலவே எழுதினாயா? திருத்தாமல்? அப்படியென்றால் அந்தத் தாளில் ழ இல்லை. இருந்தாலும் போனாலும் பதினொன்றுதான்.

இன்னொன்றும் யோசித்தேன். தபாலில் தற்செயலாக ஒரு தாள் மட்டும் தொலையாது. வட்டு தானாகப் பிழை செய்தால் கண்டுபிடிக்க எளிய எண்ணிக்கை போதும், வட்டுக்கு நம்மை ஏமாற்றும் எண்ணம் கிடையாது. ஆள் கைவைத்தால்தான் போதாது. அந்தக் கடிதத்தை யாரிடம் கொடுத்தாய்?

பேச்சுக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்னதை எழுதி அனுப்பு. அவள் என்னைக் கேட்டாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஆ. துளசிராமன்


ராய்ப்பூர்
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். இவர் நடந்துவிட்டு வந்து, ஏன் அடுப்பு பற்றவைக்கவில்லை என்று கேட்ட பிறகுதான் நேரம் தெரிந்தது.

அம்மா என்னைத் தனியாக ஒரு தாள் எடுக்கச் சொன்னாள். "என் தாளு தனியா இருக்கணும்" என்றாள். இருபத்தெட்டு வருடமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருப்பதால் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அவள் சொன்னது இது:

"தொளசி, அம்மா சொல்றேன், திலகா எய்தறா. ஒடம்பு எனக்கு சொகமில்ல. வயித்துல கட்டின்றாங்க. பரீச்ச முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு உங்க நைனா சொல்றாரு. எனக்கு அத்தினி நாளு கீறாப்ல தெரியல. நீ ஒரு வாட்டி வந்துட்டுப் போ. ரயிலு சத்தம் கேக்கசொல்ல எல்லாம் நீதான்னு வாசப்பக்கம் பாத்துகினுகீறேன். என்னிய பயம் சொல்லு, பயம் சொல்லுன்னு சிரிப்பியே. இப்ப படுத்துகினே அத்தச் சொல்லிப் பாக்குறேன். நாக்கு மடங்கல. நீ வர்றதுக்குள்ள வந்துரும், வந்து கேளு. எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணியும் இல்ல. ஊட்ல சாப்ட்டுக்கலாம், ரயில்ல வாங்கித் துன்னாத."

அவ்வளவுதான் அண்ணா. கேட்டாள். தினமும் கேட்டாள்.

சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். கடிதம் எழுதி முடித்து அடியில் எண் போட்டபோது நைனா பக்கத்தில் நின்றார். "இன்னாமே அது, கீய நம்பரு?" என்றார். நான் சொன்னேன். நீங்கள் கண்டுபிடித்த வித்தை என்று பெருமையாக, எப்படி எண்ணுவது என்றுகூடச் சொன்னேன். "கில்லாடிப் பசங்க" என்று சிரித்தார். உறையை ஒட்டப் பசை இல்லை, தபாலாபீசில் ஒட்டிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் எடுத்திருப்பார் என்று பிப்ரவரியில் உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதுதான் தோன்றியது. எழுதக் கை வரவில்லை. காட்டிக்கொடுத்தது நான்தானே.

இனி நீ எனக்கு எழுதமாட்டாய் என்றாலும் சரி.

திலகா


ராய்ப்பூர்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரம் ஆயிற்று. தபால்காரர் எதிர் வீட்டோடு திரும்பிவிடுகிறார். திட்டியாவது எழுது. இங்கே மழை விடவே இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் ஒரு வரி எழுது.

திலகா
ழ - 3


ஆரம்பாக்கம்
7 செப்டம்பர் 2025

திலகா,

எனக்கு ஒன்றுமில்லை. மாத்திரை போடுகிறேன். பார்த்திபன் நடக்கிறாரா, உன் முழங்கால் தேவலையா, இரண்டையும் எழுது. மூன்று ழ-வும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம், தேடிக்கொண்டிருந்தேன். நைனாவின் பெட்டி, பட்டா வைத்திருந்த பை, வரி ரசீதுகள், உர மூட்டைக்குள் சுருட்டி வைத்த பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். அந்தத் தாள் இல்லை. கிழித்திருப்பார். என் பரீட்சை கெடக்கூடாது என்று செய்திருப்பார். அந்தப் பரீட்சையில் எனக்கு முதல் வகுப்பு. அவர் கேட்கும் தூரத்தில் இருபத்தேழு வருடம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரும் சொல்லவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உனக்குப் பொய் எழுத விருப்பமில்லை.

நீ காட்டிக்கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய். இல்லை. இதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன், நம்பு. ஷா-256 எப்படிக் கணக்கிடுகிறது என்பது ரகசியமே இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், உலகம் முழுக்கத் தெரியும். தெரிந்த பிறகும் ஏமாற்ற முடியவில்லை, அதனால்தான் அது நல்ல முறை. ஒருவருக்குத் தெரிந்ததும் உடைந்துவிடுகிற முறை முதலிலேயே கெட்டது. நீ நைனாவிடம் சொன்னது தப்பில்லை. நான் உனக்குக் கெட்ட முறையைச் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் வராத எழுத்து என்று கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தெடுத்தேன். அம்மா வாயில் வராத எழுத்தை எண்ணிவிட்டு, அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று உன்மேல் பழி போட்டேன்.

படுத்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள் என்கிறாய். ஒரு தடவை நாக்கு மடங்கியிருந்தால் நீ அதைச் சரியாக எழுதியிருப்பாய். பன்னிரண்டு என்று போட்டிருப்பாய். நான் பதினொன்று எண்ணிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன். ஒரு எழுத்துதான் குறைந்தது.

ஷா-256-க்கு மணிகண்டன் போன வாரம் சம்மதித்துவிட்டார். பன்னிரண்டு வருடச் சான்றிதழ்களையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் புது எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். லோகு பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறான். "சார், இது உன்னியும் நம்பாதா?" என்று கேட்டான். நம்பாது என்றேன். "அப்ப ஊட்ல எப்டி சார் வெச்சிப்ப இத்த?" என்றான்.

நீ ஞாபகத்திலிருந்து எழுதி அனுப்பிய தாளைச் சரிபார்க்க என்னிடம் எதுவும் இல்லை. மூலம் இல்லை, எண் இல்லை, சாட்சி இல்லை. சரிபார்க்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் கும்மிடிப்பூண்டி போய் வருகிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்துவிட்டது, இன்னொரு பிரதி அனுப்பு.

ஏப்ரலில் வா. பதினாறாம் தேதி இங்கே இரு. நீ கிளம்புகிற வண்டி எது என்று மட்டும் எழுது. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீதான் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வரும்போது ரயிலில் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே. அடை தட்டி வைக்கிறேன், இந்தத் தடவை கருகாது.

இதில் எத்தனை ழ இருக்கிறது என்று நான் எண்ணவில்லை. நீயும் எண்ணாதே.

இந்த வருடம் உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டேன், ஆலையில் ரசீதில் போடுவது போல. உன் விடுதிக்கு எழுதிய காலத்தில் நான் பெயரே போட்டதில்லை. ஆண் பெயரைப் பார்த்தால் எந்த அண்ணன் என்று வார்டன் கேட்பாள் என்று பயம். நீ ஒருநாளும் எந்த அண்ணன் என்று கேட்டதில்லை. இதிலும் கையெழுத்துப் போடவில்லை. இப்படியே ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன்.